19 கணினிகளைக் காயலாங்கடைக்கு அனுப்பும் முன்: நம் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

போன வாரம் கிளைகளுக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் பண்ருட்டிக் கிளையின் அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம்தான். ஐந்து கிளைகளிலும் உள்ள 19 பழைய கணினிகள் "தற்காலக் குறியாக்க மென்பொருளை இயக்கும் திறன் அற்றவை", அதாவது தரவைப் பூட்டி வைக்கும் மென்பொருள் ஓடாதவை, என்பதால் கழிக்கப்படும், அவற்றுக்குப் பதிலாக ஒன்று 52,000 ரூபாய் விலையில் 19 புதுக் கணினிகள் வாங்கப்படும் என்று அதில் இருக்கிறது. புதுசு வந்து சேரும்வரை பழைய கணினிகள் இணைய வசதியாகத் தலைமை அலுவலக சர்வரில் டிஎல்எஸ் 1.0 (இணையத்தில் போகும் தரவைப் பூட்டி அனுப்பும் நெறிமுறையின் பழைய பதிப்பு) மீண்டும் திறந்துவிடப்படும், வாராந்திர பேக்கப் "வழக்கம்போல்" பென் டிரைவில் வரும் என்றும் இருக்கிறது.

இரண்டையுமே என்னால் ஏற்க முடியவில்லை. பொதுக்குழு கூடும்வரை பொறுத்திருக்கலாம் என்று பார்த்தால், சர்வரைத் திறந்துவிடும் வேலை வருகிற திங்கட்கிழமையே நடக்கப் போகிறது என்கிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

நகைக்கடன் கொடுக்கும் நம் சங்கத்தில் நான் 14 வருடமாக உறுப்பினர். திருப்பாதிரிப்புலியூரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உங்கள் கிளைகளில் ஒரு சிஸ்டம் படுத்துவிட்டால் பெரும்பாலும் எனக்குத்தான் ஃபோன் வரும். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பழையதைச் சரிசெய்வதைவிடப் புதுசு விற்பதில்தான் எனக்குக் காசு. 19 கணினிக்கு விலைப்புள்ளி கேட்டால் நானும் கொடுத்திருக்கலாம். அப்படியிருந்தும் வேண்டாம் என்கிறேன்.

முதலில் அந்த "வழக்கம்போல்" பற்றி.

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பஸ் ஸ்டாண்டு வாசலில் இளநீர் விற்கும் பெரியவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு நீல நிறப் பென் டிரைவ். மூடி இல்லை, வாயில் மண். "தம்பி, பெஞ்சுக்குக் கீழ கெடந்துச்சு. யாருதுன்னு பாரு. பாட்டு கீட்டு இருந்தா பேரப்பிள்ளைக்குக் குடுத்துடுறேன்" என்றார். இந்த மாதிரி வேலைக்கென்றே நெட் இணைப்பு இல்லாத ஒரு கணினி வைத்திருக்கிறேன். அதில் சொருகினேன். பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. நம் கிளை ஒன்றின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் தேதி வாரியாகப் பத்துப் பன்னிரண்டு. ஒன்றைத் திறந்தேன். ஸ்கேன் செய்த நகைக்கடன் விண்ணப்பங்கள், ஆதார் நகல், பான் அட்டை, ரேஷன் கார்டின் முதல் பக்கம், பெருவிரல் ரேகை வைத்த கடன் பத்திரம்.

யாருடையது என்று உறுதி செய்ய ஒரே ஒரு படத்தைப் பெரிதாக்கினேன். என் தெருவில் இருக்கும் ஒரு அம்மாவின் விண்ணப்பம். நாலு பவுன் சங்கிலி. அந்தச் சங்கிலி அடகில் இருப்பது அவர் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. உடனே மூடிவிட்டேன். ஆனால் பார்த்தது பார்த்ததுதானே. இப்போதும் அவர் பால் வாங்க வரும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் பென் டிரைவைக் கிளையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொலைந்தது என்றோ, கிடைத்தது என்றோ எந்தப் பதிவேட்டிலும் எழுதியதாகத் தெரியவில்லை. "இதுக்கு ஒரு பூட்டுப் போடக்கூடாதா சார்?" என்று கேட்டேன். மேலாளர் சொன்ன பதில்: "அந்தப் பழைய சிஸ்டத்துல அதெல்லாம் ஓடாதுங்க."

சுற்றறிக்கையில் இருப்பதும் அதே வாசகம்தான். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பேக்கப் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னது தவறு என்று நான் சொல்லவில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை ஊருக்குள் ஏறியபோது, ஒரு கிளையில் மேசைக்கடியில் இருந்த சிபியு முழங்கால் தண்ணீரில் நின்றது. அதன் ஹார்டு டிஸ்கைக் காயவைத்து உயிர் கொடுத்தவன் நான்தான். தரவின் இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு நீங்கள் எடுத்த முடிவு நூற்றுக்கு நூறு சரி. பஸ்ஸில் போகிற பிரதிக்குப் பூட்டு இல்லை என்பதுதான் என் புகார்.

சரி, அந்தக் கணினிகளில் உண்மையிலேயே ஓடாதா?

உங்கள் 19-ல் பெரும்பாலானவற்றில் இருப்பது இன்டெல்லின் பழைய கோர் 2 டுவோ ப்ராசஸர், இல்லையென்றால் 2011 வாக்கில் வந்த ஐ3. என் கடையிலும் அப்படி ஒரு கோர் 2 டுவோ இருக்கிறது. 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி. அதில் விண்டோஸுக்குப் பதிலாக 64 பிட் டெபியன் லினக்ஸ் போட்டு, டிஸ்க் முழுவதையும் லக்ஸ் என்ற லினக்ஸ் முறையில் பூட்டி, வேகத்தை அளந்து பார்த்தேன். ஏஇஎஸ் என்ற, பரவலாகப் புழங்கும் குறியாக்க முறையில் விநாடிக்கு ஏறக்குறைய 130 எம்பி வந்தது. புதுக் கணினியில் இதைப்போல் பத்து மடங்குக்கு மேல் வரும், மறுக்கவில்லை. ஏஇஎஸ் கணக்குகளைச் சிப்பிலேயே போடும் தனி வசதியை இன்டெல் 2010-ல்தான் கொண்டுவந்தது. கோர் 2 டுவோவில் அது கிடையாது. 2011-ல் வந்த ஐ5-2400-ல் உண்டு, அதே வருடம் வந்த ஐ3-2100-ல் கிடையாது. விலை குறைந்த சிப் என்று கழற்றிவிட்டார்கள்.

ஆனால் 130 எம்பி உங்களுக்குப் போதாதா என்று பாருங்கள். கிளையின் இணைய இணைப்பு 40 எம்பிபிஎஸ். அதாவது விநாடிக்கு 5 எம்பி. அந்தக் கணினி அதைப்போல் 26 மடங்கு வேகத்தில் பூட்டித் திறக்கும். பென் டிரைவை எடுத்துக்கொண்டால், யுஎஸ்பி 2.0 துளையில் விநாடிக்கு 15 எம்பி எழுதினாலே பெரிய விஷயம். வாரத்துக்கு 6 ஜிபி பேக்கப் என்றால் எப்படியும் ஆறேழு நிமிடம் ஆகும். பூட்டினாலும் அதே ஆறேழு நிமிடம்தான். தாமதம் பென் டிரைவில் இருக்கிறது, பழியை மட்டும் ப்ராசஸர் சுமக்கிறது.

அதோடு, உலகத்தில் ஏஇஎஸ் ஒன்றுதான் பூட்டு என்றும் இல்லை. டேனியல் பெர்ன்ஸ்டீன் என்ற கணித அறிஞர் உருவாக்கிய சாச்சா20 என்ற முறைக்கு எந்தத் தனிச் சிப்பும் தேவையில்லை. சாதாரணக் கூட்டல், பிட் நகர்த்தல் கணக்குகளிலேயே வேகமாக ஓடும். 2018 ஆகஸ்டில் வெளியான டிஎல்எஸ் 1.3-ல் அதுவும் உண்டு. ஏஇஎஸ்ஸுக்கான தனிச் சிப் வசதி இல்லாத மலிவு ஃபோன்களுக்காகவே சாச்சாவை அடிப்படையாக வைத்து அடியான்டம் என்ற ஒன்றை 2019-ல் கூகுள் வெளியிட்டது. பலம் குறைந்த கணினிக்கும் நல்ல பூட்டு வேண்டும் என்று ஏற்கெனவே சிலர் உட்கார்ந்து யோசித்து முடித்துவிட்டார்கள். நாம் எடுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அப்படியானால் கிளைகளில் பிரச்சினையே இல்லையா? இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். உங்கள் சுற்றறிக்கையின் பின்னிணைப்பில் "தகுதியற்றவை" என்று குறித்த கணினிகளில்தான் இரண்டும் நடந்தன.

பரங்கிப்பேட்டைக் கிளையிலிருந்து எழுத்தர் தங்கச்சி ஃபோன் செய்தது. "அண்ணே, எந்த வெப்சைட்டும் தொறக்க மாட்டேங்குது. இணைப்பு பாதுகாப்பா இல்லன்னு சிவப்பா வருது. சிஸ்டம் பழசாயிடுச்சாம், என்கிரிப்ஷன் சப்போர்ட் பண்ணாதாம், ஹெட் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க." வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு நல்ல உப்புக் காற்று. சிபியுவைத் திறந்தால் திருகாணித் தலையெல்லாம் பச்சை பூத்திருந்தது. ஆன் செய்ததும் நான் பார்த்தது திரையின் வலது மூலையைத்தான். தேதி: 2009 ஜனவரி 1.

மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று பெயர். கரண்டை நிறுத்தினாலும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். அது செத்தால், ஒவ்வொரு முறை மெயின் ஸ்விட்சை அணைத்துப் போடும்போதும் கணினி தான் பிறந்த தேதிக்கே போய்விடும். வெப்சைட்டின் சான்றிதழில் "இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும்" என்று இருக்கும். 2009-ல் நின்றுகொண்டு அதைப் பார்க்கிற கணினிக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். ஏற்க மறுத்தது. அது செய்தது சரிதான். நாற்பது ரூபாய் பேட்டரியை மாற்றி, தேதியைத் திருத்தினேன். எல்லா வெப்சைட்டும் திறந்தன. அந்தத் தங்கச்சி டீ வாங்கிக் கொடுத்தது.

உங்கள் பின்னிணைப்பில் வரிசை எண் 11 அந்தக் கணினிதான். "குறியாக்கத்துக்குத் தகுதியற்றது. மாற்று: புதுக் கணினி, 52,000 ரூபாய்."

இரண்டாவது, கையொப்ப மென்பொருள். கடன் பத்திரத்தில் மேலாளர் டோக்கன் என்ற யுஎஸ்பி சாவியைச் சொருகி டிஜிட்டல் கையொப்பம் இட்டு சர்வருக்கு ஏற்றுவாரே, அது. பண்ருட்டியில் ஒரே கணினியில் ப்ரௌசர் நன்றாக வேலை செய்கிறது, பூட்டுச் சின்னம் வருகிறது, டிஎல்எஸ் 1.3-லேயே இணைகிறது. பக்கத்திலேயே கையொப்ப மென்பொருள் மட்டும் "இணைப்புத் தோல்வி" என்கிறது. ஒரே ப்ராசஸர், ஒரே ரேம். ப்ராசஸர் பழசு என்பது காரணமானால் இரண்டுமே அல்லவா நின்றிருக்க வேண்டும்?

காரணம் இதுதான். ஃபயர்பாக்ஸ், குரோம் இரண்டும் குறியாக்க வேலைக்கான நிரல் தொகுப்பைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. விண்டோஸ் என்ன வயசு என்பது அவற்றுக்கு அவ்வளவு முக்கியமில்லை. கையொப்ப மென்பொருளோ விண்டோஸ் தருவதை நம்பி இருக்கிறது. அந்தக் கணினியில் இருப்பது விண்டோஸ் 7. அதற்கு டிஎல்எஸ் 1.2 தெரியும், ஆனால் இதுபோன்ற மென்பொருள்களுக்கு அதைத் தானாகத் திறந்து வைக்காது. ஒரு அப்டேட்டும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மாற்றமும் தேவை. மைக்ரோசாஃப்ட் அந்த அப்டேட்டைக் கொடுத்து எத்தனையோ வருடம் ஆகிறது. நம் கிளைக் கணினிகளில் ஒன்றில்கூட அது இல்லை. அதைப் போட அரை மணி நேரம் ஆகும். அதைச் செய்யாமல், சர்வரை டிஎல்எஸ் 1.0 பேச வைக்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள்.

டிஎல்எஸ் 1.0 வந்தது 1999-ல். அதில் உள்ள ஓட்டையைப் பயன்படுத்தும் பீஸ்ட் என்ற தாக்குதலை 2011-லேயே செய்து காட்டிவிட்டார்கள். இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் 2021 மார்ச்சில் 1.0, 1.1 இரண்டையும் யாரும் பயன்படுத்தக் கூடாது என்று முறைப்படி அறிவித்தது. அதற்கு முன்பே ப்ரௌசர்கள் அவற்றைக் கைவிட ஆரம்பித்துவிட்டன. பெட்டக அறையின் சாவி ஒரு ஊழியர் கையில் சரியாகத் திரும்பவில்லை என்றால் அவருக்கு வேறு சாவி செய்து கொடுப்போம். கதவையே பழைய கொண்டிக்கு மாற்றுவோமா? அதுவும் அந்தக் கதவுக்குப் பின்னால் ஐந்து கிளைகளின் உறுப்பினர்களுடைய விவரமும் இருக்கும்போது?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 7-ஐ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வாதாடவில்லை. 2020 ஜனவரி 14-ஓடு அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. குரோமும் 109-ஆம் பதிப்போடு அதைக் கைகழுவிவிட்டது. நான் சொன்ன அரை மணி நேர வேலை, இடைக்கால ஒட்டு மட்டுமே. விண்டோஸ் 10-ம் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற, சாவிகளைப் பத்திரமாக வைக்கும் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் நிபந்தனை வைத்திருக்கிறது. உங்களுக்கு ஆலோசனை சொன்னவர் இந்த நிபந்தனையைத்தான் "குறியாக்கத்துக்குத் தகுதி" என்று எழுதிவிட்டார் என்று நினைக்கிறேன். அது ஒரு கம்பெனி தன் சரக்குக்கு வைத்த நிபந்தனை. குறியாக்கக் கணிதம் அப்படி எதுவும் கேட்கவில்லை. என் கடைக் கோர் 2 டுவோவில் டிபிஎம் கிடையாது. டிஸ்க் பூட்டித்தான் இருக்கிறது, தினமும் காலையில் பாஸ்வேர்டு அடித்துத் திறக்கிறேன்.

கணக்கு மென்பொருள் இரண்டு வருடமாக ப்ரௌசரில்தான் ஓடுகிறது. கிளையில் மற்றவர்கள் செய்வது அதுவும், ஸ்கேன் செய்வதும், கடிதம் அடிப்பதும். இவற்றுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். ஊழியர்களுக்குப் பழக்கமில்லை என்பீர்கள். 2011-லிருந்து தமிழக அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. குறிஞ்சிப்பாடிக் கிளையில் இருக்கும் இரண்டு எழுத்தர்கள் அதை வாங்கிப் படித்து வந்தவர்கள்தான். (அந்தக் காலத்தில் "அண்ணா, இதை அழிச்சுட்டு விண்டோஸ் மட்டும் போட்டுக் குடுங்க" என்று வந்த மடிக்கணினிகளை ஒன்றுக்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு நானே வரிசையாக ஃபார்மேட் செய்திருக்கிறேன். அந்தப் பாவமும் என் கணக்கில் உண்டு.) மத்திய அரசே 2015-ல் தன் அலுவலகங்களுக்குத் லினக்ஸ் போன்ற திறமூல மென்பொருளை முன்னிறுத்தி ஒரு கொள்கை வெளியிட்டது. நான் ஊருக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை.

என் பக்கம் பலவீனமான இடங்களையும் நானே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் என்னைச் சந்தேகிக்க வேண்டாம்.

19-ல் மூன்று கணினிகள் உண்மையிலேயே போக வேண்டியவை. பழைய 32 பிட் மென்பொருள் மட்டுமே ஓடும் பெட்டிகள், 1 ஜிபி ரேம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, அந்த வகைக் கணினிகளில் புதிதாக நிறுவுவதையே நிறுத்திவிட்டது. ஃபயர்பாக்ஸும் 32 பிட் லினக்ஸை விட்டு விலகிவிட்டது. அவற்றைக் கட்டி இழுப்பதில் அர்த்தமில்லை. அடுத்தது, 2018-ல் வெளிவந்த ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் குறைபாட்டுக்கு இன்டெல் கோர் 2 வரிசைக்கு மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் நிரல்) திருத்தம் கொடுக்கவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் செய்யும் தடுப்புகள்தான் பாதுகாப்பு. கண்ட புரோகிராமையும் இறக்கி ஓட்டாத கிளைக் கணினிக்கு அது போதும் என்பது என் கணிப்பு. தலைமை அலுவலக சர்வருக்குப் போதும் என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது ஒன்று, சொந்த அனுபவத்தில் பட்டது. போன மாதம் நெல்லிக்குப்பம் கிளையில், மேலாளரின் அனுமதியோடு, பேக்கப்புக்கு வெராகிரிப்ட் என்ற பூட்டு மென்பொருளை வைத்துக் காட்டினேன். அது விண்டோஸிலும் லினக்ஸிலும் திறக்கும் என்பதால் பென் டிரைவுக்கு ஏற்றது. பாஸ்வேர்டு அடித்ததும் கணினி அப்படியே நின்றுவிட்டது போல இருந்தது. "ஹேங் ஆயிடுச்சு சார்" என்று சொல்லிப் பியூன் ஸ்விட்சில் கை வைத்துவிட்டார். நல்லவேளை, பிடித்துக்கொண்டேன். நடந்தது என்னவென்றால், பாஸ்வேர்டைச் சாவியாக மாற்ற வெராகிரிப்ட் வேண்டுமென்றே லட்சக்கணக்கான சுற்றுக் கணக்குப் போடுகிறது. திருடன் பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துப் பார்ப்பதைத் தாமதப்படுத்தத்தான். அந்தக் கணக்குக்கு எந்த ஹேஷ் முறை (பாஸ்வேர்டை உருமாற்றும் சூத்திரம்) என்று நாம் சொல்லாவிட்டால் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் முயன்று பார்க்கும். பழைய ப்ராசஸரில் அதற்கு இருபது விநாடிக்கு மேல் ஆனது. எஸ்எச்ஏ-512 என்று நாமே தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் ஐந்து விநாடிக்குள் திறந்தது. இதை ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அவ்வளவுதான். சொல்லாவிட்டால் "ஓடாது" என்ற பேச்சு மறுபடி கிளம்பிவிடும்.

நெல்லிக்குப்பத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 2012-ல் யாரோ ஒரு புண்ணியவான் பழைய கடன் கோப்புகளை, வெராகிரிப்ட்டுக்கு முன்னோடியான ட்ரூகிரிப்ட்டில் பூட்டி வைத்திருக்கிறார். பாஸ்வேர்டு ஒரு டைரியில் இருக்கிறது. ட்ரூகிரிப்ட்டை உருவாக்கியவர்கள் 2014 மே மாதத்தில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். அந்தப் பெட்டியைத் திறக்கத் தெரிந்த வெராகிரிப்ட், 1.25.9 பதிப்போடு சரி, 1.26.7 முதல் அந்த வசதி இல்லை. இப்போதே எடுத்து மாற்றாவிட்டால் இன்னும் சில வருடத்தில் அதைத் திறக்க ஆள் தேட வேண்டியிருக்கும். பூட்டுவதைப் போலவே, பூட்டியதைக் காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே வருவதும் ஒரு வேலை. அதற்கு நம் சங்கத்தில் யாருக்கும் பொறுப்புக் கொடுக்கப்படவில்லை.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 19 புதுக் கணினி 9,88,000 ரூபாய். கையொப்ப மென்பொருளுக்கு விண்டோஸ் தேவை என்பதால் கிளைக்கு ஒன்று வீதம் 5 புதுக் கணினி: 2,60,000. போக வேண்டிய மூன்றைக் கழித்து மிச்சமுள்ள பழைய 16-க்கு எஸ்எஸ்டி, தேவையானதற்குச் செகண்ட் ஹேண்ட் ரேம், பேட்டரி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 3,000 என்று வைத்தால் 48,000. மொத்தம் 3,08,000. மீதி 6,80,000 உறுப்பினர்களின் பணம்.

கழிக்கப்படும் கணினிகள் எங்கே போகின்றன என்பதையும் யோசித்தீர்களா? ஐந்து வருடத்துக்கு முன் ஒருமுறை கழித்தீர்கள். கெடிலம் பாலம் தாண்டி ஒரு காயலாங்கடையில் எடைக்குப் போட்டிருந்தார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் தேடிப் போனவன், சங்கத்தின் சொத்து எண் பெயிண்டில் எழுதிய சிபியு நாலைந்து அங்கே கிடந்ததைப் பார்த்தேன். ஹார்டு டிஸ்கைக்கூடக் கழற்றவில்லை. ஃபைலை டெலீட் செய்தால் போய்விடும் என்று நினைத்திருப்பார்கள். அது அட்டவணையில் பெயரை அடிப்பது மட்டும்தான், பக்கம் அப்படியே இருக்கும். கிலோ கணக்கில் காசு கொடுத்து அந்த டிஸ்குகளை நானே வாங்கி வந்து ட்ரில் போட்டேன். டிஸ்க் முதலிலிருந்தே பூட்டியிருந்தால் சாவியை அழித்தாலே போதும், உள்ளே இருப்பது யாருக்கும் பயன்படாது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. நம் சங்கத்தின் மொத்த வைப்புத்தொகை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

நான் கேட்பவை இவை.

திங்கட்கிழமை சர்வரில் டிஎல்எஸ் 1.0 திறக்கும் வேலையை இன்றே நிறுத்தி வையுங்கள். 1.2, 1.3 தவிர எதையும் சர்வர் ஏற்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். கையொப்பம் இடும் ஐந்து கணினிகளுக்கும் நான் சொன்ன அப்டேட்டை இந்த வாரமே போட்டுத் தருகிறேன். புதுக் கணினி வந்ததும் அவற்றிலிருந்து விண்டோஸ் 7 போய்விட வேண்டும்.

பூட்டாத பென் டிரைவ் எதுவும் இனி கிளையை விட்டு வெளியே போகக் கூடாது. அதற்கான பாஸ்வேர்டு மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் சீட்டில் இருக்கக் கூடாது. ஒரு பிரதியை உறையில் போட்டு அரக்கு வைத்து, நகை வைக்கும் பெட்டகத்தில், நகைக்கு இருப்பதுபோலவே இரண்டு பேர் சாவியோடு வையுங்கள். ஊழியர் ஓய்வு பெற்றாலோ மாறிப் போனாலோ பாஸ்வேர்டு மாற வேண்டும். பென் டிரைவ் தொலைந்தால் அன்றே பதிவேட்டில் ஏற வேண்டும், அதில் யார் யாருடைய விவரம் இருந்ததோ அவர்களுக்குத் தகவல் போக வேண்டும். போன ஆடியில் தொலைந்ததற்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

19 கணினி கொள்முதலை 5 ஆகக் குறையுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் பரங்கிப்பேட்டையின் வரிசை எண் 11-ஐ மட்டும் என்னிடம் கொடுங்கள். ஒரு மாதம் அந்தத் தங்கச்சியே லினக்ஸில் வேலை பார்க்கட்டும். உதிரிப் பாகத்தின் விலை தவிர கூலி வேண்டாம். மாதக் கடைசியில் நீங்கள் வந்து பாருங்கள். அந்தத் தங்கச்சி வேண்டாம் என்றால் நானே பழையபடி மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

போக வேண்டிய மூன்று கணினிகளின் டிஸ்கைக் கழற்றி, இரண்டு உறுப்பினர்கள் முன்னிலையில் அழித்துவிட்டு, மீதிப் பெட்டியை மின்கழிவு எடுக்கப் பதிவு பெற்றவர்களிடம் மட்டும் கொடுங்கள். நெல்லிக்குப்பத்து ட்ரூகிரிப்ட் கோப்பை, அந்த டைரி தொலைவதற்குள், புதிய முறைக்கு மாற்றுங்கள். அப்டேட், பாஸ்வேர்டு, பேக்கப் மூன்றையும் பார்த்துக்கொள்ள ஊழியர்களில் ஒருவருக்குப் பெயர் போட்டுப் பொறுப்புக் கொடுங்கள். வாரம் இரண்டு மணி நேரம் அவருக்கு அதற்கென்று ஒதுக்குங்கள்.

இந்த மடலுக்கான பதிலைச் சுற்றறிக்கை ஒட்டிய அதே பலகையில் ஒட்டினால் போதும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பண்ருட்டிக் கிளையில் இருப்பேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவர், கணினி பழுதுபார்ப்பவர்
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்